வீரனுக்கு விசா தேவையில்லை

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு சேவலுக்குக் கிடைக்கும் சுதந்திரம் எந்த விமான நிலையத்திலும் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. காலிரண்டையும் கட்டி, உமலுக்குள் இருத்தி, தலையை மட்டும் வெளியே விட்டு, ஆளொருவர் நெடுந்தீவுப் படகில் ஏறுவார். சேவல் எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கும். படகில் மோட்டார் சைக்கிள் இருக்கும், காஸ் சிலிண்டர் இருக்கும், சீமெந்துப் பை இருக்கும், இடமாற்றம் கேட்டுக் கேட்டுக் களைத்த ரீச்சர் இருப்பார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நாயும் படுத்திருக்கும். அதற்கு வயதென்ன, ஊசி போட்டதா, பெட்டி எங்கே என்று ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள். "கடிக்குமோ?" என்று ஒரு கேள்வி வரும். "சீ, அது பாவம்" என்று பதில் வரும். குடிவரவு, குடியகல்வு, சுங்கம், சுகாதாரம் நான்கும் அதோடு முடிந்தன.

இதே நாயை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று யாராவது ஆசைப்படட்டும். மனிதனாகப் பிறந்தது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் விளங்கும். ஒரு நாட்டைப் பொறுத்தவரை, நாயாகப் பிறந்திருந்தால் எவ்வளவு சுகம் என்றும் விளங்கும். அந்த வேடிக்கைக்குப் பிறகு வருவோம்.

ஆகாயப் பயணத்தைத் தொடக்கிவைத்ததே வீட்டு மிருகங்கள்தான். 1783 செப்டம்பர் 19 ஆம் திகதி, பிரான்சின் வேர்சாய் அரண்மனை முன்றலில், மொன்கொல்பியே சகோதரர்கள் பறக்கவிட்ட பலூனில் போனவை ஒரு செம்மறியாடு, ஒரு தாரா, ஒரு சேவல். பதினாறாம் லூயி மன்னர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எட்டு நிமிடமளவில் பறந்து, மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இறங்கின. மூன்றும் உயிர் தப்பின. சேவலுக்கு மட்டும் இறகில் காயம். ஆகாயத்தின் கோளாறோ என்று முதலில் பயந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆடு உதைத்தது என்று பிறகு தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரரால் வரும் தொல்லை விமானப் பயணத்தோடு கூடவே பிறந்தது.

1910 இல் அத்திலாந்திக்கைக் கடக்கப் புறப்பட்ட 'அமெரிக்கா' என்ற ஆகாயக் கப்பலில் ஒரு பூனை இருந்தது. அது போட்ட கூத்தில், அந்தக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் தரைக்குப் போன முதற்செய்தியே இந்தப் பூனையை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லித்தான். நடுவில் ஒரு வசைச்சொல்லும் இருந்தது. அது அச்சேறாது.

நயினாதீவுக்காரருக்கு இதெல்லாம் புதினமில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் தங்கள் ஊர்தான் என்று அவர்கள் அடித்துச் சொல்வார்கள். அறிஞர்களிலும் பலர் அதற்கு ஒப்பு. புகாரில் உறங்கிய மணிமேகலையை மணிமேகலா தெய்வம் வான்வழியே தூக்கிவந்து இங்கேதான் இறக்கியது. இடைத்தரிப்பு இல்லாத நேரடிச் சேவை. கடவுச்சீட்டு இல்லை, பொதி இல்லை, போவது பயணிக்கே தெரியாது. அதே ஊர் நாகபூஷணி அம்மன் கோயிற் கதையில் இன்னொரு பயணி வருகிறது. பூசைக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலை நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது. அந்த வழியால் வந்த வணிகர் ஒருவர் இடையில் புகுந்து சமரசம் செய்துவைத்தார். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு பாறைகளை இன்றைக்கும் கடலில் காட்டுவார்கள். கையிலிருக்கும் பொருளைச் சாட்டிப் பயணியை நடுவழியில் நிறுத்திவைப்பதுதான் சுங்கச் சோதனை என்றால், இந்தக் கடலில் நடந்த முதலாவது சுங்கச் சோதனை அதுதான்.

நெடுந்தீவோ மிருகப் போக்குவரத்தில் பட்டம் பெற்ற தீவு. ஒல்லாந்தர் வந்து தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். வேலணைக்கு லைடன், காரைநகருக்கு அம்ஸ்ரடாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். எல்லாம் கழன்று போக, நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ற்' மட்டும் ஆங்கிலத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியர் இங்கே குதிரை கொண்டுவந்து வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி தீவையே குதிரைப் பண்ணையாக நடத்தினார். அவற்றின் வாரிசுகள் இன்றைக்கும் மேற்குப் பக்க வெளிகளில் தம் இஷ்டத்துக்கு மேய்கின்றன. கப்பலில் வந்த அந்த முதற் குதிரைகளிடம் எவரும் இரத்தப் பரிசோதனை கேட்டதாகப் பதிவில்லை. ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடு ஒன்றும் தீவில் நிற்கிறது. தூது அனுப்பும் புறாக்கள் அதில் இருந்தன என்பார்கள். செய்தியைக் காலில் கட்டிவிட்டால் போதும். புறாவே பயணி, புறாவே விமானம், புறாவே விமானி.

இந்தப் பரம்பரையில் வந்த ஒரு நாய்க்குத்தான் இப்போது படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, நெடுந்தீவில் ஓர் அப்பம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பவளக்கல் மதில், வளவுக்குள் பனை, பத்துப் பன்னிரண்டு கோழி, வாசலில் வீரன் என்று ஒரு நாய். மூத்தவர் ரொறன்ரோவில், மகள் லண்டனில், அடுத்தவர் சுவிஸில், கடைசி சிட்னியில். தீவகத்தில் இப்படியோர் அப்பம்மாவைத் தேடிப்பிடிப்பது சிரமமில்லை. பிள்ளைகள் எல்லோரும் பக்கத்து வளவில் இருக்கும் அப்பம்மாவைத் தேடுவதுதான் சிரமம். ரொறன்ரோவிலிருந்து பேரன் போன் எடுக்கிறான்.

"அப்பம்மா, இந்தமுறை கட்டாயம் வாங்கோ."

"நான் வந்தா வீரனுக்கு ஆர் மோனை சோறு வைக்கிறது?"

"வீரனையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"விசர்க்கதை கதைக்காதை. எனக்கே விசா தாறாங்கள் இல்லை, நாய்க்கு ஆர் குடுப்பான்?"

பேரன் விசாரித்தான். நாய்க்கு விசா தேவையில்லை என்று தெரியவந்தது.

கனடாவின் கணக்கு இதுதான். உரிமையாளரோடு கூட வரும் வளர்ப்பு நாய்க்கு முக்கியமாக வேண்டியது விசர்நாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ் ஒன்று. எந்த மருந்து, எந்தத் தொகுதி இலக்கம், என்றைக்குப் போட்டது, எவ்வளவு காலம் செல்லும் என்ற விபரமும் மிருக வைத்தியரின் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். இலங்கையின் அரசகரும மொழிகள் இரண்டும் முழுச் சமத்துவத்தோடு நடத்தப்படும் இடம் இது ஒன்றுதான், இரண்டுமே செல்லாது. போய் இறங்கினால் ஓர் அதிகாரி நாயைப் பார்ப்பார், முப்பது சொச்சம் டொலர் கட்டணமும் வரியும் வாங்குவார். தனிமைப்படுத்தல் இல்லை. நேர்முகம் இல்லை. திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வீரனிடம் கேட்கமாட்டார்கள்.

அப்பம்மாவிடம் கேட்பார்கள். பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் என்று 2011 டிசம்பரில் கனடா தொடங்கிய சூப்பர் விசாவுக்கு, பேரனோ மகனோ தன் வருமானத்தைக் காட்ட வேண்டும். அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். அப்பம்மா வைத்தியப் பரிசோதனைக்குப் போக வேண்டும், பத்து விரல் அடையாளமும் கொடுக்க வேண்டும். பனையோலை வாரியும் மீன் வெட்டியும் தேய்ந்த விரல்களின் ரேகையை மெசின் ஏற்றுக்கொள்வது அதன் மனநிலையைப் பொறுத்தது. எல்லாம் சரிவந்தால், 2022 ஜூலையில் மாற்றிய விதிப்படி, ஒருமுறை போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். வீரனுக்கு அந்தக் கால எல்லையும் கிடையாது.

"அப்ப வீரனை முதல்ல அனுப்பு. அவன் போய் எனக்கு ஸ்பொன்சர் பண்ணட்டும்."

அப்பம்மாவின் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 2022 செப்டம்பர் 28 முதல், நாய்விசர் ஆபத்துக் கூடிய நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வணிக நோக்கில் வரும் நாய்களைக் கனடா உள்ளே விடுவதில்லை. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு, இந்தியாவும் உண்டு. விற்பனைக்கு வருவது மட்டுமன்றி, தத்துக் கொடுப்பதற்கென்று கொண்டுவரப்படும் தெருநாயும் வணிக நாய்தான். உரிமையாளரோடு வருகிற வளர்ப்பு நாய்க்கே விலக்கு. ஆகவே விசா தேவைப்படாத வீரன் உள்ளே போவதற்கு விசா தேவைப்படும் அப்பம்மா கூடவே போக வேண்டும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் நாயின் தலைவிதியும் அதே விசா அதிகாரியின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

லண்டன் மகள் இதைக் கேள்விப்பட்டு, தான் சளைத்தவளில்லை என்று தகவல் திரட்டினார். பிரித்தானியாவின் கதை வேறு. முதலில் மைக்ரோசிப். அரிசிமணி அளவு, தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவது, 15 இலக்க எண். அப்பம்மாவின் பழைய அடையாள அட்டையிலேயே ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்தான். வீரன் அவரை ஆறு இலக்கத்தால் முந்திவிட்டான். சிப் வைத்த பிறகே தடுப்பூசி போட வேண்டும். ஊசியை முதலில் போட்டுவிட்டுச் சிப்பைப் பிறகு வைத்தால் அந்த ஊசி கணக்கில் வராது, திரும்பப் போட வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வீரனுக்கு முன்னமே வீரனின் இரத்தம் வெளிநாடு பார்த்துவிடும். நோயெதிர்ப்பு அளவு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருந்தால் சித்தி. சித்தியடைந்தாலும் உடனே ஏற முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கு ஐந்து நாள் முதல் ஒரு நாள் முன்னதாகப் பூச்சிமருந்தும் கொடுத்து, நேரத்தைப் பதிய வேண்டும். விமானத்திலும் பயணிகளோடு இருக்க இடமில்லை. பிரித்தானியாவுக்குப் பறக்கும் வளர்ப்பு நாய், அங்கீகரித்த வழித்தடத்தில், சரக்காகத்தான் வந்து இறங்கலாம். ஒடியல், பனாட்டு, கருவாடு, வீரன் எல்லோருக்கும் ஒரே அந்தஸ்து.

சுவிஸ் மகன் சுருக்கமாகச் சொன்னார். விசர்நோய் ஆபத்துள்ள நாட்டிலிருந்து நேரே பறந்து வருவதென்றால் சமஷ்டி அலுவலகம் ஒன்றின் முன் அனுமதி வேண்டும். காதோ வாலோ வெட்டிய நாயை உள்ளே எடுக்கமாட்டார்கள். வீரனின் இடது காதில் ஒரு துண்டு இல்லை. பெருக்குமரத்தடியில் நடந்த ஒரு தகராறில் போனது. அழகுக்காக வெட்டப்பட்டதன்று என்று கிராம சேவையாளரிடம் கடிதம் எடுக்கலாமா என்று அப்பம்மா கேட்டார்.

சிட்னி போன் எடுக்கவே இல்லை. காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு இலங்கையிலிருந்து நாய் நேரே போகவே முடியாது. அந்த நாட்டோடு விளையாடியவர்களில் பெரிய ஆள் ஹொலிவூட் நடிகர் ஜொனி டெப். 2015 இல் பிஸ்டல், பூ என்ற தன் இரண்டு குட்டி நாய்களைச் சொந்த ஜெற்றில், சொல்லாமல் கொள்ளாமல், குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். முடி வெட்டக் கொண்டுபோன இடத்தில் குட்டு வெளிப்பட்டது. விவசாய அமைச்சர் பார்னபி ஜோய்ஸ், நாட்டை விட்டுக் கொண்டுபோ, இல்லாவிட்டால் கருணைக்கொலைதான் என்று தவணை வைத்தார். நாய்கள் ஜெற்றிலேயே திரும்பின. அடுத்த வருடம் டெப்பும் அன்றைய மனைவியும் கமராவுக்கு முன்னால் இருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் சட்டத்தின் அருமை பெருமைகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். கடற்கொள்ளைக்காரனாக நடித்து உலகம் முழுக்கக் கப்பல் பிடித்த மனிதருக்கு இரண்டு நாயைக் கரையிறக்க முடியவில்லை.

சரி, கடதாசி எல்லாம் ஒழுங்கு என்று வைப்போம். இனிப் பெட்டி. இங்கேதான் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், அதாவது அயாட்டா, வருகிறது. உயிருள்ள விலங்குகளை விமானத்தில் ஏற்றுவதற்கென்றே அது வருடாவருடம் ஒரு தடித்த புத்தகம் வெளியிடுகிறது. நாய்க்கூட்டின் அளவுக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை ஓர் அளவு. நிலத்திலிருந்து முன்னங்கால் முட்டிவரை இன்னொன்று. தோள் அகலம் மூன்றாவது. நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ, அதுவரை நான்காவது. முதலாவதோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். மூன்றாவதை இரட்டித்தால் அகலம். நான்காவதோடு படுக்கைத் துணியின் தடிப்பைக் கூட்டினால் உயரம். வீரனின் உடம்பு 70 சென்ரிமீற்றர், முட்டி 35, தோள் 20, காது நுனி 60 என்றால், பெட்டி நீளம் 87.5, அகலம் 40, உயரம் 60 க்கு மேல். சாதாரண எட்டாம் வகுப்புக் கணக்கு. என்ன, விடை சொல்லும் வரைக்கும் கேள்வி அசையாமல் நிற்க வேண்டும்.

வீரனை அளப்பதற்குத் தையற்காரப் பிள்ளை ஒன்று வந்தது. முதலாவது அளவு எடுத்தபோது வீரன் அதைப் பாசம் என்று நினைத்து மல்லாந்து படுத்தான். மல்லாந்த நாயை அளக்க அயாட்டா புத்தகத்தில் வழி சொல்லப்படவில்லை. நிமிர்த்தி நிறுத்தி மூன்றாவதுக்குப் போனபோது நாடாவைக் கவ்விக்கொண்டு கோடிப்பக்கம் ஓடிவிட்டான். காது நுனி எடுக்கையில் எந்தக் காது என்று வாக்குவாதம். சண்டையில் தப்பிய காதைத்தான் எடுக்க வேண்டும் என்று அப்பம்மா தீர்ப்பளித்தார்.

கோழிக்கூட்டுக்குக் கால் வைத்து அனுப்பிவிடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்ன யோசனை எடுபடவில்லை. பெட்டியின் இரு பாதியையும் வெறும் கொக்கியால் மாட்டக்கூடாது, திருகாணி பூட்ட வேண்டும். நாலு பக்கமும் காற்றுத் துவாரம் வேண்டும். கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றக்கூடிய கிண்ணம் வேண்டும். மேலே 'உயிருள்ள விலங்கு' என்று இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்து, எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று அம்புக்குறி. உள்ளே நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். சிக்கன வகுப்பில் முழங்கால் முன்னிருக்கையில் முட்ட பதினைந்து மணித்தியாலம் பறந்து ரொறன்ரோ போனவர்கள் இந்த விதியை இரண்டு தரம் வாசிப்பது நல்லது. விமானத்தில் எழுந்து நின்று ஒரு சுற்றுத் திரும்பிப் படுக்கும் உரிமை எழுத்தில் இருப்பது நாய்க்குத்தான்.

சாப்பாட்டு விபரமும் எழுதி ஒட்டச் சொல்வார்கள். "சோறும் மீன்தலையும். முள்ளு எடுக்கத் தேவையில்லை" என்று அப்பம்மா சொல்ல, பிள்ளை எழுதியது. படிவத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வாழ்நாள் முழுக்க இலங்கையில் படிவம் நிரப்பிய கை, யோசிக்காமல் 'இலங்கைத் தமிழ்' என்று எழுதிவிட்டது. தகப்பன் ஊர் தெரியாத வீரனைப் பொறுத்தவரை, அதைப் பிழை என்று அடித்துச் சொல்லவும் ஆளில்லை.

பெட்டியைக் கண்டு நாய் பயப்படுமே என்றால், அதற்கும் முன்மாதிரி இருக்கிறது, அதுவும் இலங்கையில். 2001 இல் தாய்லாந்து இலங்கைக்குக் கொடுத்த முத்துராஜா என்ற யானை, ஒரு விகாரையில் இருந்து உடல்நலம் கெட்டதால், 2023 ஜூலை 2 ஆம் திகதி கட்டுநாயக்கவிலிருந்து இலியூஷின் 76 சரக்கு விமானத்தில் சியாங் மாய்க்குத் திரும்பியது. ஏறத்தாழ நாலாயிரம் கிலோ. புறப்படுவதற்கு முன் இரும்புக்கூட்டுக்குள் போய் நின்று பழக அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாகன்மாரும் கூடவே பறந்தார்கள். இலங்கையில் பிறந்து 1985 இல் பாகிஸ்தானுக்குப் பரிசாகப் போன காவன், 2020 நவம்பர் 30 இல் இஸ்லாமாபாத்திலிருந்து கம்போடியாவுக்குப் பறந்தது. வரவேற்கப் பாடகி ஷெயார் அங்கே காத்து நின்றார். யானையே படிக்கும்போது நாய் படிக்காதா? பெட்டியைக் கிழமைக்கணக்கில் முன்னரே வீட்டில் திறந்து வைத்து, சாப்பாட்டை அதற்குள் வைத்துப் பழக்க வேண்டும் என்பதுதான் வைத்தியர்களின் அறிவுரை. இரண்டாம் நாள் பெட்டிக்குள் கோழி ஒன்று முட்டையிட்டிருந்தது. வீரன் வெளியே காவலிருந்தான்.

"பேசாமல் ஒரு மயக்க மருந்தைக் குடுத்து ஏத்திவிடு, மோனை."

கூடாது. அயாட்டாவும் மிருக வைத்தியர் சங்கங்களும் இதில் ஒரே குரல். மயக்க மருந்து கொடுத்த மிருகத்துக்கு உயரத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் தடுமாறலாம். விமானம் குலுங்கும்போது தன்னைத் தாங்கி நிற்கவும் முடியாது. உறக்கத்திலேயே தூக்கிக்கொண்டு பறப்பது மணிமேகலா தெய்வத்துக்குச் சரி. பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு இனங்களை விமான நிறுவனங்கள் பல ஏற்றவே பயப்படுகின்றன. சாதாரண வெக்கையிலேயே அவற்றுக்கு மூச்சு வாங்கும். வீரனின் மூக்கு நீளம். கருவாட்டுப் பானை எந்த வீட்டில் திறந்தாலும் அறியும் மூக்கு. இந்த ஒரு தேர்வில் முதலாம் பிரிவு.

அடுத்தது எந்த விமானம். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதற்பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது பலாலி, வழியாகச் சென்னைக்குத்தான். அந்தப் பெருமை பலாலிக்கு உண்டு. 2019 ஒக்டோபர் 17 இல் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ சென்னைக்குப் பறக்கிறது, பிறகு திருச்சிக்கும். நெடுந்தீவிலிருந்து படகில் வந்து, பஸ் ஏறி, பலாலிக்குப் போய் அப்படியே பறந்துவிடலாம் என்று வீரன் மகிழக்கூடாது. இண்டிகோவில் உதவி நாய் தவிர வளர்ப்புப் பிராணிக்கு இடமில்லை. அப்படியே இடம் கொடுத்தாலும் திருச்சியில் இறங்க முடியாது. நாய் பூனைகளை இந்தியாவுக்குள் எடுக்கும் தனிமைப்படுத்தல் நிலையங்கள் சென்னை, டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற சில ஊர்களில்தான். ஆகவே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியாகக் கொழும்புக்குப் போய், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, கட்டுநாயக்கவில்தான் ஏற வேண்டும்.

அங்கிருந்து வளைகுடா வழியாகப் போவதென்றால், எமிரேற்ஸின் பயணிகள் அறையில் வழிகாட்டி நாய்க்கு அடுத்தபடியாக இடமுள்ள ஒரே மிருகசாதி வல்லூறு. கட்டார் எயார்வேஸ் சிக்கன வகுப்பில் ஆறு வல்லூறு வரை அனுமதிக்கும், ஆளுக்கு ஒன்று. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வல்லூறுக்குக் கடவுச்சீட்டே கொடுக்கிறார்கள். சொந்தமாகச் செட்டை வைத்திருக்கும் பறவை ரிக்கெற் எடுத்து இருக்கையில் இருக்கிறது. நாலு காலில் நடப்பது சரக்கறையில் கிடக்கிறது. நாகத்தை மறித்த நயினாதீவுக் கருடன் அரபு நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு காலம் இருந்தது. மனத்துணைப் பிராணி என்று ஒரு கடிதம் காட்டினால் எதையும் கொண்டு ஏறலாம் என்று சனம் நம்பிய காலம். 2018 ஜனவரியில் நியூவாக் விமான நிலையத்துக்கு ஒருவர் டெக்ஸ்ரர் என்ற மயிலோடு வந்தார். மயிலுக்கென்று தனியாக ரிக்கெற்றும் வாங்கியிருந்தார். யுனைற்றெட் எயார்லைன்ஸ் மறுத்துவிட்டது. மயிலேறி உலகம் சுற்றிவந்த பெருமான் பழத்தைக் கோட்டைவிட்டதோடு தப்பினார். இன்றைக்கென்றால் புறப்படவே விட்டிருக்கமாட்டார்கள். அதைவிட நெடுந்தீவுக்காரர் கவனிக்க வேண்டியது மட்டக்குதிரைக் கதை. சேவைப் பிராணிகளில் நாய், பூனை, மட்டக்குதிரை மூன்றையும் விமானங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று 2019 இல் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் அறிவுறுத்தியது. அந்த வருடத்தில் மட்டக்குதிரைகள் உண்மையாகவே விமானம் ஏறின. 2021 ஜனவரி 11 முதல் விதி மாறி, நாய் மட்டும் சேவைப் பிராணி ஆனது. குதிரைகளுக்கு ஆகாயம் திறந்திருந்த சொற்ப காலத்தை நெடுந்தீவு தவறவிட்டுவிட்டது. தவறவிடாமல் இருந்தாலும், 2015 இல் பிரகடனமான நெடுந்தீவு தேசிய பூங்காவுக்குள் மேய்வதைப் பிடித்துக் கடல் கடத்த விடமாட்டார்கள்.

இவ்வளவையும் கேட்டு அப்பம்மா மலைத்துப்போவார் என்று பேரன் எதிர்பார்த்தான். அவர் அசையவில்லை. போர்க்காலத்தில் கொழும்புக்குப் போக வவுனியாவில் பாஸ் எடுத்தவர், பலாலியால் பறக்கப் பாதுகாப்பு அமைச்சின் கிளியரன்ஸுக்குக் கிழமைக்கணக்கில் காத்திருந்தவர், அடையாள அட்டை, குடும்ப அட்டை, பொலிஸ் பதிவு என்று ஒரு ஷொப்பிங் பைக்குள் வாழ்க்கையைக் கட்டிவைத்திருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகம் இடம்பெயர்ந்தபோது பைதான் வந்தது, நாய் வரவில்லை. வரிசையாக நாலு மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், நாலே மாதம்தானா என்று கேட்கிற தலைமுறை அது. வீரனின் ஊசி அட்டையும் இப்போது அதே பைக்குள், அவருடைய பழைய பாஸ்களோடு ஒன்றாய் இருக்கிறது.

எதிர்த்திசைக்கும் சட்டம் உண்டு. ரொறன்ரோவில் மகன் வீட்டில் ஒரு வெள்ளைச் சடை நாய். ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு அதையும் கூட்டிவர ஆசைப்பட்டால், புறப்பட முன்னரே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டும், ஊசிச் சான்றிதழ்கள் வேண்டும். வந்தபின் வெயில் பிரச்சினை, போத்தல் தண்ணீர்ப் பிரச்சினை, வீரனுடைய மூக்கு எல்லா இடமும் மணப்பதால் வரும் மானப் பிரச்சினை. இதைப் பற்றி மகனும் மருமகளும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அப்பம்மாவின் சூப்பர் விசா விண்ணப்பம் போய்விட்டது. வைத்தியப் பரிசோதனை முடிந்தது, விரல் அடையாளம் மூன்றாம் தரத்தில் பதிந்தது. வீரனின் சான்றிதழ் ஆங்கிலத்தில் தயார். பெட்டி விறாந்தையில் இருக்கிறது. பேரன் எல்லாவற்றையும் சரிபார்த்து, இனி ஒன்றும் மிச்சமில்லை என்று போனில் சந்தோசமாகச் சொன்னான்.

"அது சரி மோனை. கோழியளுக்கு என்ன ஃபோம்?"